ஞாயித்துக்கெழமை பொழுதோட ஆறு பேரு எங்கதான் போறதுங்க? (அத்தையையும் சேத்து)

திருப்பூர்_மருமக | ஞாயிறு, இரவு 10.40

வணக்கமுங்க. இத்தனை நாளா படிச்சுட்டு மட்டும் போயிட்டு இருந்தேன். இன்னைக்கு மனசு கேக்கல, எழுதறேன்.

எங்கூட்டுல ஆறு பேரு. நானு, எங்கூட்டுக்காரரு, ஆறாவது படிக்கற பையன், ஒண்ணாவது படிக்கற புள்ள, அப்பறம் மாமாவும் அத்தையும். பனியன் தொழில். சனிக்கெழமை எல்லாத்துக்கும் சம்பளம் போட்டு முடிச்சு ஊட்டுக்கு வரங்காட்டி ராத்திரி பத்தாயிரும். அதனால ஞாயித்துக்கெழமை பொழுதோடதான் எல்லாரும் ஒட்டுக்கா வெளிய போக முடியும். ஊருக்கே அந்த ஒரு நாள்தான்ங்கறதால ஏழு மணிக்கு மேல எந்த ஓட்டலுக்குப் போனாலும் வாசல்ல நாற்காலி போட்டுப் பேரு எழுதி வாங்கறாங்க. அது கெடக்கட்டும்.

பையனுக்குப் பரோட்டாவும் கோழியும் இருந்தாப் போதும். புள்ளைக்குக் கோன் ரோஸ்ட்டு. அதைத் திங்கறதே இல்ல, தலையில குல்லாவா வெச்சுப் பாத்துட்டு நுனியை மட்டும் கடிச்சுட்டு வெச்சிரும். எங்கூட்டுக்காரருக்குச் சீரக சம்பா பிரியாணி. மாமாவுக்குச் சக்கரை இருக்குது, ஆனா கடைசியா ஒரு கரண்டி பிரட் அல்வா வரலைன்னா மூஞ்சி ஏழு முழம் நீண்டுரும்.

அத்தைதான் பிரச்சனை. பிரச்சனைன்னு சொல்லக்கூட மனசு வரலீங்க. 72 வயசு. ஊட்டுல கவுச்சி எல்லாம் நல்லா உம்பாங்க. இப்பெல்லாம் வெளிய வந்தா ஒரு வாய் தொட மாட்டாங்க. "காசு குடுத்துச் சோறு உங்கற அளவுக்கு நம்மூட்டு அடுப்பு அவிஞ்சு போச்சா"ம்பாங்க. போன வாரம் அப்படித்தான், நாங்க அஞ்சு பேரும் திங்க, அவிங்க தண்ணி டம்ளரைப் புடிச்சுட்டே உக்காந்திருந்தாங்க. பரிமாறற தம்பி மூணு தடவை வந்து "பாட்டிக்கு என்னங்க?"ன்னு கேட்டுச்சு. மூணாவது தடவை அவிங்க கூனிக் குறுகிப் போனதைப் பாத்து எனக்குப் பிரியாணி எறங்கல. ஊட்டுக்கு வந்து ராத்திரி பத்து மணிக்கு ரசத்தை ஊத்திக் கரைச்சுக் குடிச்சுட்டுப் படுத்தாங்க.

உட்டுட்டுப் போனா, நாங்க வர்ற வரைக்கும் திண்ணையில லைட்டைப் போட்டு உக்காந்திருப்பாங்க. அதுவும் முடியறதில்ல. அவிங்களும் சந்தோசமா வந்து போற மாதிரி எடம் ஏதாச்சும் இருக்குதுங்களா? திருப்பூர், அவிநாசி, கோயமுத்தூர், ஈரோடு எங்கன்னாலும் பரவாயில்ல, கார் இருக்குது.

இன்னொண்ணு. வர்ற வழியில ஒரு சுவீட் ஸ்டால்ல அரை கிலோ வாங்கினோம். ஊட்டுத் தராசுல வெச்சுப் பாத்தா பலகாரம் மட்டும் 440 கிராம்தான். மீதி அட்டைப் பெட்டி. இது எல்லா எடத்துலயும் இப்படித்தானுங்களா?


வடகோவை_வாசி | ஞாயிறு, இரவு 11.05

இதுக்கு இத்தனை யோசனையாங்க? கோயமுத்தூர் வாங்க, அன்னபூர்ணாவுக்குக் கூட்டிட்டுப் போங்க. 1968-ல ஆரம்பிச்ச கடை, எங்கப்பா எங்கம்மாவைப் பொண்ணு பாத்துட்டு வந்து காபி குடிச்சதே அங்கதான். சாம்பார் இட்லி சொல்லுங்க. ரெண்டு இட்லி முழுசா முங்கிக் கெடக்கும், மேல பொடிசா நறுக்குன வெங்காயம். வயசானவங்களுக்கு அதைவிட எதமா எதுவும் கெடையாது. சிறுவாணித் தண்ணிக்கே அந்த ருசி.


திருப்பூர்_மருமக | ஞாயிறு, இரவு 11.12

போனமுங்க அண்ணா, தீவாளிக்கு முன்னாடி. அத்தை ஒரு கரண்டி சாம்பாரை வாயில உட்டாங்க. "பருப்பு நல்லா வெந்திருக்குது" அப்படீன்னாங்க. கரண்டியைக் கீழ வெச்சாங்க. அவ்வளவுதான்.


பவானி_கூடுதுறை | திங்கள், காலை 6.50

பையனுக்கு முதல்ல வழி பண்ணுங்க. ஈரோட்டுப் பக்கம் வாங்க. ஜூனியர் குப்பண்ணா ஓட்டலு 1960-லருந்து இங்க இருக்குது, இப்பத்தான் ஊரூருக்கு ஆயிருச்சு. ஆனா நாஞ் சொல்றது ஆத்தைத் தாண்டி அக்கட்டால. பள்ளிபாளையம் சிக்கன் அந்தக் கரையிலயே போய்த் திங்கோணும். வரமிளகாயை விதை உதுத்துக் கிள்ளிப் போட்டு, சின்ன வெங்காயம், தேங்காயைப் பல்லுப் பல்லாக் கீறிப் போட்டு, கோழியோட தண்ணியிலயே வேக வெப்பாங்க. மஞ்சள் உண்டு. மசாலாப் பொடின்னு ஒண்ணு விழுந்துதுன்னா அது பள்ளிபாளையம் இல்ல. இப்ப மெட்ராசுல அந்தப் பேருல செவப்பா, வழவழன்னு என்னமோ குடுக்கறாங்களாமா. கருமம்.


சேலத்து_செட்டு | திங்கள், காலை 9.15

ஆயாவுக்கு ஓட்டல்ல உக்காந்து சாப்பிடத்தானே கூச்சம்? அப்ப ஓட்டலே வேண்டாம். ஒரு நாள் சேலம் வாங்க. சாயங்காலம் தள்ளுவண்டியில தட்டுவடை செட்டு. கீழ ஒரு தட்டுவடை, காரச் சட்னி, புதினாச் சட்னி, துருவுன பீட்ரூட், கேரட்டு, வெங்காயம், மேல இன்னொரு தட்டுவடை. ஒரே வாயில போட்டுக் கடிக்கோணும். பாதி கடிச்சா சட்டையெல்லாம் பீட்ரூட்டு. நொறுக்கல் கேட்டீங்கன்னா எல்லாத்தையும் கையில நொறுக்கிக் கலக்கித் தருவாரு.


கருவூரான் | திங்கள், காலை 9.40

அதுக்கு இங்க பேரு கரம். எங்கூருக்காரன் செஞ்சதைப் பாத்துட்டுப் போய்ச் சேலத்துக்காரன் பேரை மாத்திட்டான். முட்டைக் கரம் சாப்பிட்டுப் பாத்துட்டு அப்பறம் பேசுங்க.


சேலத்து_செட்டு | திங்கள், காலை 9.44

யாரு யாரைப் பாத்தாங்கன்னு தனியா இழை போட்டுப் பேசலாம் வாங்க தலைவா.


வடகோவை_வாசி | திங்கள், பகல் 1.20

ரெண்டு பேரும் சும்மா இருங்க. ரோட்டோரத் தீனின்னா கோயமுத்தூர்க் காளான்தான். அகலமான கல்லு, அதுல கொதிக்கற கொழம்பு, பொரிச்ச உருண்டையைக் கரண்டியில டக்கு டக்குனு வெட்டறப்பவே பாதித் தெரு வந்து நின்னுரும். மேல வெங்காயம், கொத்தமல்லி, கொஞ்சம் கார்ன் பிளேக்ஸ்.


பொள்ளாச்சி_தேங்கா | திங்கள், பகல் 1.52

காளான்னு பேருதான். முட்டைக்கோசும் மைதாவும் போக மிச்சம் எத்தனை காளான் இருக்குதுன்னு ஒரு நாள் எண்ணிப் பாத்தேன். மூணு துண்டு. இருந்தாலும் வாரம் தவறாம திங்கறேன், அது வேற கதை.


நெறியாளர் | திங்கள், பகல் 2.10

அம்மிணி கேட்டது அவிங்க அத்தையைப் பத்தி. 72 வயசு அம்மாவைத் தள்ளுவண்டி முன்னாடி நிறுத்தி வாயைத் தொறந்து தட்டுவடை கடிக்கச் சொல்றீங்க. கொஞ்சம் கேள்வியைப் படிச்சுட்டு எழுதுங்கப்பா.


சென்னைக்குப்_போனவன் | திங்கள், இரவு 9.30

பன்னெண்டு வருசமா சென்னையில இருக்கேன். இன்னும் பழகாத ஒண்ணு, பேக்கரின்னு போர்டைப் பாத்து உள்ள போயி "அண்ணா ஒரு டீ"ன்னா மேலயும் கீழயும் பாக்கறாங்க. இங்க பேக்கரின்னா கேக்கு மட்டும். நம்மூருல டீக்கடைக்குப் பேரே பேக்கரிதானே. கண்ணாடிப் பொட்டிக்குள்ள தேங்காய் பன், ஜாம் தடவித் தேங்காய்ப்பூத் தூவுன தேன் கேக்கு, பப்ஸ்ஸு, கீழ் தட்டுல வர்க்கி. முன்னாடி கல்லாப் பொட்டி, பக்கத்துல டீ மாஸ்டர் ஒரு முழத்துக்கு ஆத்திட்டு இருப்பாரு. ராத்திரி ரெண்டு மணிக்குப் போனாலும் நாலு பேரு நின்னுட்டு இருப்பாங்க.

இதை எதுக்குச் சொல்றேன்னா, எங்க ஆத்தாவும் அச்சு அசல் உங்க அத்தை மாதிரிதான். ஓட்டல் வாசப்படி மிதிக்கவே இல்ல. ஆனா கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறப்ப எல்லாம் பேக்கரியில காரை நிறுத்தச் சொல்லி, எறங்காம, உள்ள இருந்துக்கிட்டே வர்க்கியை டீயில முக்கி ரெண்டு தின்னுட்டுத்தான் வருவாங்க. உங்க அத்தை வெளிய டீ குடிப்பாங்களா?


திருப்பூர்_மருமக | திங்கள், இரவு 10.15

நீங்க கேட்டதுக்கப்பறந்தான் யோசிச்சேனுங்க. குடிப்பாங்க! பல்லடத்துல ஒறம்பரை ஊட்டுக்குப் போறப்ப எல்லாம் பேக்கரியில நிப்பாட்டுவோம். பன்னு கூடத் திம்பாங்க, டீயில நனைச்சு. அதை நான் வெளிய திங்கறதுன்னு கணக்குலயே சேக்கல பாருங்க.

புள்ளை அங்க போனா கிரீம் பன்னு கேட்டு அடம். உள்ள இருக்கற கிரீமை மட்டும் நக்கீட்டு பன்னை எங்கூட்டுக்காரர் கையில குடுத்துரும்.


கணக்குப்புள்ள | செவ்வாய், காலை 10.02

கிரீம் பன்னுன்னதும் சிரிப்பு வந்துருச்சு. 2024 செப்டம்பர்ல கோயமுத்தூர் கொடிசியா அரங்கத்துல நடந்த கூட்டத்துல நம்மூரு ஓட்டல்காரரு மத்திய நிதியமைச்சர் முன்னாடியே சொன்னது இதுதானே. பன்னுக்கு வரி இல்ல, உள்ள வெக்கற கிரீமுக்கு 18 சதவீதம், கிரீமையும் பன்னையும் தனித்தனியாக் குடு நாங்களே வெச்சுக்கறோம்னு வாடிக்கைக்காரங்க கேக்கறாங்கன்னாரு. இனிப்புக்கு 5, காரத்துக்கு 12ன்னு பில்லுப் போட்டு மாளலைன்னும் சொன்னாரு. 2025 செப்டம்பர் 22-லருந்து காரம், கேக்கு, பேஸ்ட்ரி எல்லாம் 5 சதவீதத்துக்கு வந்துருச்சு. உங்க பாப்பா கிரீமையும் பன்னையும் தானாவே பிரிச்சுட்டா.

பெட்டி எடை விசயத்துக்கு வர்றேன். அது தப்பு. எடையளவுச் சட்டப்படி பொருளோட நிகர எடைதான் கணக்கு, பெட்டி சேராது. காலிப் பெட்டியைத் தராசுல வெச்சு பூஜ்யம் பண்ணச் சொல்லுங்க, ஒரு பட்டன்தான். சண்டையே போட வேண்டாம், "தம்பி, பெட்டியக் கழிச்சிருங்க"ன்னு சிரிச்சுட்டே சொன்னாப் போதும், பத்துல ஒம்பது பேரு செஞ்சிருவாங்க. செய்ய மாட்டேன்னா தொழிலாளர் துறையில முத்திரை ஆய்வாளருக்குப் புகார் குடுக்கலாம். உங்க கணக்குல 60 கிராம் போயிருக்குது. கிலோ 600 ரூபான்னு வெச்சா 36 ரூபாய்க்கு அட்டை வாங்கீருக்கறீங்க. இன்னொண்ணும் பாருங்க. 2020 அக்டோபர்லருந்து தட்டுல சில்லறையா விக்கற பலகாரத்துக்கும் எந்தத் தேதிக்குள்ள தின்னோணும்னு சீட்டு வெக்கணும். பால் பலகாரம் வாங்கறப்பக் கண்டிப்பாப் பாருங்க.


கோபி_அப்புச்சி | செவ்வாய், மாலை 5.30

அம்மிணி, எனக்கு 68 வயசு. பேரன்தான் இதைத் தமிழ்ல அடிக்கறதுக்குச் சொல்லிக் குடுத்தான். தப்பிருந்தாப் போச்சாது.

உங்கத்தைக்கு ருசி பிரச்சனை இல்ல. எங்க சின்ன வயசுல ஓட்டலுக்குக் கிளப்புக்கடைன்னு பேரு. அங்க யாரு உம்பாங்க? வண்டியோட்டறவன், கோர்ட்டு வழக்குக்குப் போனவன், ஊட்டுல பொம்பளை இல்லாதவன். குடும்பஸ்தன் கிளப்புக்கடையில சோறு உண்டான்னா மக்யா நாளு ஊட்டுல என்ன சண்டைன்னு விசாரிச்சுட்டு ஆளு வரும். பொம்பளைங்க போறதைப் பத்திப் பேச்சே இல்ல. அடுப்பு அவிஞ்சு போச்சான்னு அவிங்க கேக்கறது அந்தக் காலத்துக் கேள்வி.

ஆனா பாருங்க, சோறு வேற, பலகாரம் வேற. பலகாரம் வாங்கித் திங்கறதுக்கு எவனும் கூச்சப்பட்டதில்ல. எங்கப்பாரு வாரத்துல ஒரு நா சந்தைக்குப் போவாரு. வர்றப்பத் துண்டு முனையில முடிச்சுப் போட்டிருக்கும். பொரி, கடலை, முறுக்கு, சில வாரம் ஈச்சம்பழம். நாங்க இட்டேரி முனைக்கே போய் நின்னுக்குவோம். எங்காத்தா மொதல்ல கடலையை எடுத்து வாயில போட்டுக்கிட்டுத்தான் எங்களுக்குப் பங்கு வெப்பாங்க. அப்ப அதுவும் காசு குடுத்து வாங்குனதுதானே?

அதனால அவிங்களைச் சோத்துக் கடைக்குக் கூட்டிட்டுப் போகாதீங்க. ஒப்புட்டு (போளி) போடற கடைக்குக் கூட்டிட்டுப் போங்க. இப்ப ரோட்டோரமாவே கல்லு வெச்சுப் போடறாங்க, தேங்காய் ஒப்புட்டு, பருப்பு ஒப்புட்டு, கார ஒப்புட்டுன்னு. அவிங்க நோம்பிக்கு நோம்பி சுட்ட பலகாரம். கடைக்காரி தட்டறதைப் பாத்து நாலு கொறை சொல்லாம வர மாட்டாங்க. கொறை சொல்ல எடம் இருந்தாத்தான் எங்க வயசுக்காரங்களுக்கு அந்த எடத்துல கால் நிக்கும்.

சந்தகை (இடியாப்பம் மாதிரி) கெடைக்கற எடம் இருந்தாலும் நல்லது. ஆனா அது கடையில சரியா வர்றதில்ல. புழுங்கலரிசியை ஆட்டி இட்லியா ஊத்தி, வெந்த சூட்டோட மிசின்ல போட்டுத் திருகோணும். ஆறுச்சுன்னா இறுகிரும், ரெண்டு ஆம்பளை தொங்குனாலும் எறங்காது. எங்கூட்டுல நான் திருக, அவ தட்டுப் புடிக்க, "வெரசா, வெரசா"ன்னு அவ போடற சத்தம் பக்கத்துத் தோட்டம் வரைக்கும் கேக்கும். அந்தச் சூட்டுல தேங்காய்ப் பாலும் வெல்லமும் ஊத்தித் திங்கோணும். கடையில ஆறுன சந்தகையை வெச்சுக் குடுக்கறாங்க.


நாமக்கல்_முட்டை | செவ்வாய், இரவு 8.45

பெரியவருக்கு வணக்கமுங்க. நீங்க சொன்னது கேக்க நல்லாருக்குது. ஆனா எனக்கு வேற ஒரு சந்தேகம்.

எங்க மாமியாரும் ரெண்டு வருசம் இதே கதைதான். ஓட்டலுக்கு வருவாங்க, திங்க மாட்டாங்க. கேட்டா அடுப்பு, மானம், சாதி சனம்னு அளப்பாங்க. நாங்களும் அது கவுரவம்னே நெனச்சுட்டு இருந்தோம். கடைசியில பாத்தா பல்லு செட்டுங்க! நாலு பேரு முன்னாடி கழண்டு விழுந்துருமோன்னு பயம். அதைச் சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு இத்தனை பேச்சு.

திருப்பூர்க்கா, உங்க அத்தை சொன்னதையெல்லாம் திருப்பிப் படிச்சுப் பாருங்க. ஊட்டுல ரசத்துல கரைச்சுக் குடிக்கறாங்க. பன்னை டீயில நனைச்சுத் திங்கறாங்க. சாம்பாரை உறிஞ்சிப் பாத்துட்டு இட்லியைத் தொடல. எனக்கென்னமோ பல்லுன்னுதான் படுது. தனியாக் கூப்புட்டுக் கேட்டுப் பாருங்க.


சேலத்து_செட்டு | செவ்வாய், இரவு 8.58

அட சாமி. நான் தட்டுவடை சொன்னேன்.


கருவூரான் | செவ்வாய், இரவு 9.01

நான் கரம் சொன்னேன். இந்த ஒரு விசயத்துல ரெண்டு பேரும் ஒண்ணாயிட்டோம்.


திருப்பூர்_மருமக | புதன், காலை 11.20

கேட்டுட்டேனுங்க.

எல்லாரும் கெளம்பிப் போனதுக்கப்பறம், சின்ன வெங்காயம் உரிச்சுட்டு இருக்கறப்பக் கேட்டேன். மொதல்ல "அதெல்லாம் ஒண்ணுமில்ல"ன்னாங்க. ஒரு பத்து வெங்காயம் உரிச்சாங்க. அப்பறம் "மேல் செட்டு ஆடுது கண்ணு"ன்னாங்க. ஒரு வருசமா ஆடுதாம். ஊட்டுலன்னா தனியா உக்காந்து கடைசியா உண்டுக்குவாங்க, அதை நான் பொறுப்புன்னு நெனச்சுட்டு இருந்திருக்கேன். ஓட்டல்ல ஒருக்கா ஊத்தப்பத்தைக் கடிக்கறப்பக் கீழ எறங்கிருச்சாம், முந்தானையில மூடிக்கிட்டாங்களாம். நாங்க யாருமே பாக்கல. நான் எதுத்தாப்லதான் உக்காந்திருந்திருப்பேன்.

"டாக்டர்கிட்டச் சொல்லியிருக்கலாமே"ன்னேன். "போன தடவையே எத்தனை செலவாச்சு"ன்னாங்க. ஞாயித்துக்கெழமை ஒரு பில்லுக்கு நாங்க குடுக்கறதை நெனச்சுப் பாத்தேன், பேச்சு வரல.

நாமக்கல்க்கா, நன்றிங்க. அப்புச்சி சொன்னதும் தப்பில்லீங்க. பல்லு சரியாப் போச்சுன்னாலும் ஓட்டல்ல சோறு திங்க மாட்டேன்னு இப்பவே கண்டிசன் போட்டுட்டாங்க. "பலகாரம்னா வேற"ன்னாங்க. அப்புச்சி எழுதுனதை நான் படிச்சே காட்டல.


கோபி_அப்புச்சி | புதன், பகல் 12.05

பல்லு எனக்குத் தோணாமப் போச்சு. எனக்குக் கீழ நாலுதான் இருக்குது, எனக்கே தோணாமப் போச்சு.


பொள்ளாச்சி_தேங்கா | புதன், பகல் 3.30

பல்லு ஆடறவங்களுக்குன்னே இந்த ஊருல ஒரு பலகாரம் இருக்குதுங்களே. கிருஷ்ணா ஸ்வீட்ஸ் மைசூர்பா. 1948-ல மகாதேவ ஐயர் கோயமுத்தூர்ல ஆரம்பிச்சது. வாயில வெச்சா நாக்கே போதும், பல்லுக்கு வேலையில்ல.


பவானி_கூடுதுறை | புதன், பகல் 4.10

அதை மைசூர்பாகுன்னு நான் ஒத்துக்க மாட்டேன். மைசூர்பாகுன்னா செங்கல் நெறத்துல, உள்ள பொத்தல் பொத்தலா, கடிச்சா மொறுக்குன்னு உதிரோணும்.


பொள்ளாச்சி_தேங்கா | புதன், பகல் 4.22

அதனாலதான் அவங்க பாகுன்னு சொல்லாம பா-ன்னு விக்கறாங்க. நீங்க சொல்ற மாதிரியும் நான் வீட்டுல கெளறியிருக்கேன். பாகுல கடலைமாவைப் போட்டுக் கெளறிட்டே இருக்கோணும், நெய்யைக் கொதிக்கக் கொதிக்கக் கரண்டி கரண்டியா ஊத்தோணும். ஊத்துன ஒடனே பொங்கும். அந்தப் பொங்கறதுதான் பொத்தலு. அரை நிமிசம் அசந்தா பாகு முத்திக் கல்லாயிரும். எங்க வீட்டுல அந்தக் கல்லுல தேங்காய் ஒடைக்கலாம்னு எங்க மாமா சொல்லிட்டுப் போனாரு, இன்னும் மறக்கல. மெத்துன்னு வர்றதுக்கு மாவை மொதல்லயே நெய்யில வறுத்துக்கோணும், பாகு இளசா இருக்கறப்பவே சேத்து, நெய்யைத் தாராளமா உடோணும்.

மாமாவுக்குச் சக்கரைன்னீங்க, அவரு கையில மட்டும் பெட்டியைக் குடுத்துராதீங்க.


சென்னைக்குப்_போனவன் | புதன், இரவு 10.50

மெத்துன்னா பழனிப் பஞ்சாமிர்தத்தை மறந்துட்டீங்களே. 2019-ல புவிசார் குறியீடு கெடைச்சது. விருப்பாச்சி மலைவாழைப்பழத்துல பண்ணறது, தண்ணியே சேராது. நான் ஊருக்கு வந்துட்டுப் போறப்ப ஒரு டப்பா எடுத்துட்டு வருவேன், ஆபீசுல கேட்பாங்க, ரெண்டு நாளுல தீந்துரும். நானே ஸ்பூன் போட்டுத் தின்னு தீத்ததுன்னு இங்க ஒத்துக்கறேன்.


திருப்பூர்_மருமக | ஞாயிறு, இரவு 10.55

இன்னைக்குப் போயிட்டு வந்தோமுங்க. அடிச்சு முடிச்சுட்டுத்தான் படுக்கறதுன்னு உக்காந்திருக்கேன்.

அஞ்சு மணிக்கே கெளம்பி மொதல்ல ஒப்புட்டுக் கடை. ஒரு அக்காவும் அவிங்க பையனும் போடறாங்க. வாழையெலையில எண்ணெய் தடவி, மாவை உருட்டி, பூரணத்தை உள்ள வெச்சு மூடி, வெரல் நுனியிலயே சுத்திச் சுத்தித் தட்டறாங்க. எலையோட தூக்கிக் கல்லுல கவுத்து எலையை மட்டும் உரிச்சு எடுக்கறாங்க. பாக்கறதுக்கே ஒரு கூட்டம்.

அத்தை கார்ல இருந்து எறங்கலைன்னுதான் சொன்னாங்க. ரெண்டு நிமிசம் கண்ணாடி வழியாப் பாத்தாங்க. அப்பறம் கதவு தொறக்கற சத்தம் கேட்டுச்சு. நேராப் போயி கல்லுக்குப் பக்கத்துல நின்னு "மாவு எப்பப் பெசஞ்சே?"ன்னு கேட்டாங்க. அந்தக்கா "பன்னெண்டு மணிக்குங்க ஆத்தா"ன்னாங்க. "இன்னும் ரெண்டு மணி நேரம் எண்ணெயில ஊறோணும். பாரு, ஓரத்துல சுருங்குது." அந்தக்கா கோவிச்சுக்கவே இல்ல. "எங்கம்மாவும் இதேதான் சொல்லும்"ன்னு சொல்லிட்டு, ஒரு தேங்காய் ஒப்புட்டை நாலா மடிச்சு, எலைத் துண்டுல வெச்சு, அத்தை கையில குடுத்துட்டாங்க. காசு கேக்கவே இல்ல.

அத்தை திரும்பி நின்னுக்கிட்டாங்க. முந்தானையை வாய்க்கு முன்னாடி புடிச்சுக்கிட்டு, பிச்சுப் பிச்சு, முழுசையும் தின்னாங்க. அப்பறம் ஒரு பருப்பு ஒப்புட்டு. அதுக்குக் காசு குடுத்துத்தான் ஆவோணும்னு சுருக்குப் பையைத் தொறந்து அவிங்களே இருபது ரூபா குடுத்தாங்க. எங்கூட்டுக்காரர் அக்கட்டால திரும்பிப் போன் பேசற மாதிரி நின்னாரு. போன் ஒண்ணும் வரல.

அப்பறந்தான் ஓட்டலு. பேரு எழுதி முக்கா மணி நேரம். அத்தை ஒண்ணும் வேண்டாம்னுட்டாங்க. ஆனா வயிறு நெறஞ்ச மூஞ்சி வேற மாதிரி இருக்குதுங்க. பரிமாறற தம்பி "பாட்டிக்கு?"ன்னு கேட்டப்ப, "நாங்க இப்பத்தான் ஒப்புட்டுத் தின்னுட்டு வந்தோம் தம்பி, நீ அவிங்களைப் பாரு"ன்னாங்க. புள்ளை கடிச்சு வெச்ச கோன் ரோஸ்ட்டைப் பிச்சுச் சாம்பார்ல ஊற வெச்சு, பேசிட்டே பாதியைத் தின்னுட்டாங்க. அவிங்களுக்கே தெரியல. நானும் சொல்லல.

மாமாவுக்குப் பிரட் அல்வா தீந்து போச்சுன்னு சொன்னாங்க. வர்ற வழியெல்லாம் பேசல.

அப்பறம் சுவீட் ஸ்டால். (போன வாரத்துக் கடை இல்ல.) "தம்பி, பெட்டியக் கழிச்சிருங்க"ன்னு சொன்னேன். ஒண்ணும் பேசாம பட்டனை அமுத்திப் பூஜ்யம் பண்ணிட்டுப் போட்டாரு. கணக்குப்புள்ள அண்ணாவுக்கு ஒரு கும்பிடு.


நாமக்கல்_முட்டை | ஞாயிறு, இரவு 11.10

முந்தானையைப் புடிச்சுக்கிட்டுன்னீங்க பாருங்க. அதுதான். எங்க மாமியாரும் அப்படித்தான்.


வடகோவை_வாசி | திங்கள், காலை 7.15

கோன் ரோஸ்ட்டை அன்னபூர்ணா சாம்பார்ல ஊற வெச்சிருந்தா முழுசையும் தின்னிருப்பாங்க. சொல்றதைச் சொல்லிட்டேன்.


சேலத்து_செட்டு | திங்கள், காலை 9.30

அந்த ஒப்புட்டுக் கடை எங்கங்க? கார ஒப்புட்டும் போடறாங்களா?


திருப்பூர்_மருமக | திங்கள், பகல் 2.40

அவிநாசி ரோட்டுல, பாலம் எறங்குனதும் எடது கைப் பக்கம், வேப்ப மரத்தடி. பேரெல்லாம் கெடையாது. ஆறரைக்குள்ள போயிருங்க, தீந்துரும். கார ஒப்புட்டு உண்டு, ஆனா அதை வாங்க வேண்டாம்னு அத்தை சொல்லச் சொன்னாங்க. வெங்காயம் பெருசா நறுக்கறாங்களாம்.

பல்லு டாக்டர்கிட்ட வர்ற செவ்வாக்கெழமைக்குச் சொல்லி வெச்சிருக்கறோம். அந்த ஆஸ்பத்திரிக்கு ரெண்டு கடை தள்ளி ஒரு பேக்கரி இருக்குதாமா. எனக்குத் தெரியாது, அத்தைதான் சொன்னாங்க.